ஒண்ணுக்கு அஞ்சா, அஞ்சில் ஒண்ணா?
கிணற்றுத் தண்ணீரை நாமே சோதிக்கக் கரைசல் தயாரிப்பது எப்படி

பஞ்சகவ்யா தெளிக்கிறோம். 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி என்பது கணக்கு. முதலில் 300 மில்லியை ஊற்றி, அப்புறம் 10 லிட்டர் கோடு வரை தண்ணீர் நிரப்பினாலும் சரி, 10 லிட்டர் தண்ணீர் நிரம்பின டேங்கில் மேலே 300 மில்லியைக் கவிழ்த்தாலும் சரி, பயிர் ஒன்றும் கோபித்துக்கொள்வதில்லை. முதல் கணக்கில் 3 சதவீதம், இரண்டாவதில் 2.9. இலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இந்தப் பழக்கத்தோடு நான் தண்ணீர் சோதனையில் இறங்கினேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவருக்கு 33 மூட்டை ஜிப்சம் தேவையில்லாமல் வாங்க வைத்தேன். அந்தத் தப்பு எங்கே நடந்தது, அதைத் தவிர்த்து எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

எங்கள் ஊர்க் குழுவில் ஏழெட்டுப் பேர் பணம் போட்டு ஒரு பியூரெட், இரண்டு பிப்பெட், சில குடுவைகள், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம். "இயற்கை விவசாயிக்கு ஆசிட் பாட்டில் எதுக்குங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. நாம் அதை மண்ணில் ஊற்றப் போவதில்லை. போர்வெல் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அது.

எதைத் தேடுகிறோம்?

தண்ணீர் உப்பாக இருந்தால் நாக்கு சொல்லிவிடும். இன்னொரு வகைத் தண்ணீர் இருக்கிறது. குடிக்க நன்றாகவே இருக்கும், உப்புக் கரிக்காது. ஆனால் நாலைந்து வருஷம் பாய்ச்சினால் மண் இறுகிப் பாளம் பாளமாக வரும். பாய்ச்சின தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். எத்தனை தொழுவுரம் போட்டும் மண் பொலபொலப்பாகாது. இதற்குக் காரணம் பைகார்பனேட்.

தண்ணீரில் கார்பனேட்டும் பைகார்பனேட்டும், கால்சியம், மக்னீசியத்தை விட அதிகமாக இருந்தால், மண் காயும்போது கால்சியமும் மக்னீசியமும் சுண்ணாம்பாகப் படிந்து ஒதுங்கிவிடும். சோடியம் மட்டும் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சோடியம் ஏறின களிமண் தண்ணீர் பட்டதும் கரைந்து துவாரங்களை அடைத்துக்கொள்ளும். இந்த மிச்சத்தைத்தான் எஞ்சிய சோடியம் கார்பனேட், சுருக்கமாக ஆர்.எஸ்.சி. என்கிறார்கள். 1950ல் ஈட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கணக்கை முன்வைத்தார். கணக்கு எளிது: கார்பனேட், பைகார்பனேட் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியம் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். ஆய்வறிக்கையில் லிட்டருக்கு இத்தனை மில்லி ஈக்குவலன்ட் என்று போட்டிருப்பார்கள். நாம் சும்மா 'அலகு' என்று வைத்துக்கொள்வோம். 1.25க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1.25 முதல் 2.5 வரை கவனமாகப் பாய்ச்ச வேண்டிய தண்ணீர். 2.5க்கு மேல் போனால் அப்படியே பாய்ச்சக் கூடாது.

'கழிக்க வேண்டும்' என்ற சொல்லை மனசில் வையுங்கள். வினை அங்கேதான் இருக்கிறது.

சொட்டுச் சொட்டாகக் கேட்பது

இந்த அளவுகளைக் கண்டுபிடிக்கும் முறைக்குத் தரம்பார்த்தல் என்று பள்ளிக்கூடத்தில் பெயர். பிளஸ் டூவில் செய்திருப்பீர்கள், மறந்தும் போயிருக்கும். அளந்து எடுத்த தண்ணீரில் இரண்டு சொட்டு நிறங்காட்டி விட்டு, பலம் தெரிந்த அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்குகிறோம். நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி செலவாச்சு என்று பார்க்கிறோம். செலவான அமிலம்தான் பதில்.

இது ஒன்றும் நேற்று வந்த வித்தை இல்லை. எடின்பரோவில் பிரான்சிஸ் ஹோம் என்ற மருத்துவர் 1756லேயே துணி வெளுக்கப் பயன்படுத்தின சாம்பல் காரத்தின் தரத்தை இப்படித்தான் பார்த்தார். சாம்பலில் நைட்ரிக் அமிலத்தை டீஸ்பூன் டீஸ்பூனாக விட்டு, நுரைப்பது நிற்கும் வரை எத்தனை ஸ்பூன் என்று எண்ணினார். நமக்கு டீஸ்பூன் போதாது. ஆனால் வேலை அதேதான்.

'பலம் தெரிந்த அமிலம்' என்று சொன்னேன் இல்லையா, அந்தப் பலம் தப்பானால் பியூரெட்டை எத்தனை கவனமாகப் பார்த்தும் பயனில்லை. தப்பான படிக்கல்லை வைத்துக்கொண்டு முள்ளை உற்று உற்றுப் பார்க்கிற கதைதான்.

நான் செய்த தப்பு

எங்களிடம் இருந்த தாய்க்கரைசல் அமிலத்தின் பலம் 0.1064 நார்மல். அதை ஐந்து மடங்கு நீர்க்க வைத்தால் 0.0213 நார்மல் வரும். உதவிக்கு வந்த தம்பியிடம், "ஒண்ணுக்கு அஞ்சு கலக்குப்பா" என்று சொல்லிவிட்டு நான் மாட்டைக் கட்டப் போய்விட்டேன். அவன் 100 மில்லி அமிலம் எடுத்து, 500 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றினான். நான் சொன்னபடிதான் செய்தான். மருந்தடிக்கிற பாஷையில் நான் சொன்னேன், அவன் அதே பாஷையில் புரிந்துகொண்டான். மொத்தம் 600 மில்லி ஆச்சு. ஐந்து மடங்குக்குப் பதில் ஆறு மடங்கு நீர்த்துப்போச்சு. பாட்டிலில் நான் 0.0213 என்று எழுதி ஒட்டினேன். உள்ளே இருந்ததோ 0.0177.

அண்ணனின் போர்வெல் தண்ணீர் 50 மில்லிக்கு அந்த அமிலம் 22.5 மில்லி செலவாச்சு. கணக்குப் போட்டால் பைகார்பனேட் 9.6 அலகு. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 6.0. கழித்தால் 3.6. "அண்ணா, இந்தத் தண்ணி அப்படியே பாய்ச்சினா மண்ணு கெட்டுப்போயிருங்க, ஜிப்சம் போட்டே ஆகணும்" என்றேன். இரண்டு ஏக்கருக்குக் கணக்குப் போட்டு 48 மூட்டை வாங்கினார். அவர் வீட்டில் அந்த வாரம் நல்ல பேச்சு வாங்கினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மாசம் கழித்து, வேறு வேலையாக நகரத்துக்குப் போனவர் அதே தண்ணீரை ஓர் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து வந்தார். சீட்டை என் கையில் கொடுத்தார். 2.1 என்று போட்டிருந்தது.

"ஏன் தம்பி, இவங்க தப்பா, நீங்க தப்பா?"

அன்று ராத்திரி அந்த அமிலப் பாட்டிலையே சோதித்தேன். 0.02 நார்மல் சோடியம் கார்பனேட் கரைசல் 10 மில்லிக்கு 9.4 மில்லி அமிலம் ஆகியிருக்க வேண்டும். 11.3 ஆச்சு. 11.3ஐ 9.4ஆல் வகுத்தால் 1.2. அதாவது ஐந்துக்கு ஆறு. தம்பியைக் கூப்பிட்டு எப்படிக் கலக்கினாய் என்று கேட்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

உண்மையான பைகார்பனேட் 8.0. அதிலிருந்து 6.0 போனால் 2.0. நான் சொன்னது 3.6. அமிலத்தில் நடந்த தப்பால் பைகார்பனேட் 20 சதவீதம்தான் ஏறியது. ஆனால் ஆர்.எஸ்.சி. 80 சதவீதம் ஏறிவிட்டது. கழித்து வருகிற எந்தக் கணக்கிலும் இந்த ஆபத்து உண்டு. பெரிய எண்ணில் சின்னத் தப்பு இருந்தால், மிச்சத்தில் அது பூதமாக நிற்கும்.

படிக்கல்லைச் செய்வது

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கரைசல் வேண்டும். அதைத் திட்டக்கரைசல் என்பார்கள். அமிலத்தை நேரடியாக எடை போட்டுத் திட்டக்கரைசல் செய்ய முடியாது. கடையில் வாங்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 35 முதல் 37 சதவீதம் வரை இருக்கும், திறக்கத் திறக்கப் புகைந்து பலம் குறையும். சோடியம் கார்பனேட் அப்படியில்லை. சுத்தமாக, ஈரமில்லாமல் கிடைத்தால் எடையே அதன் பலம்.

அதைச் சமையல் சோடாவிலிருந்தே செய்யலாம். பேக்கிங் பவுடர் இல்லை, வெறும் சமையல் சோடா. 10 கிராம் எடுத்து, சுத்தமான எவர்சில்வர் அல்லது பீங்கான் கிண்ணத்தில் பரப்பி, நல்ல சூட்டில் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறி வறுக்க வேண்டும். தண்ணீரும் கரியமில வாயுவும் வெளியேறி, சோடியம் கார்பனேட் மிஞ்சும். 10 கிராம் 6.3 கிராம் ஆகும். எடை அதற்கு மேல் குறையாமல் நின்றால் வேலை முடிந்தது. 7 கிராமில் நின்றால் இன்னும் வறுக்கணும். ஆறும் வரை இறுக்கி மூடின டப்பாவில் வையுங்கள், திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இதில் 5.30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் கரைசலாக்கினால் 0.1 நார்மல். கால் லிட்டர் போதுமே, 1.32 கிராம் எடுத்தால் என்ன என்று தோன்றும். நம் தராசு 0.01 கிராம் முன்னே பின்னே காட்டும். 5.30 கிராமில் அது 0.2 சதவீதத் தப்பு. 1.32 கிராமில் 0.8 சதவீதம். சின்னத் தராசு வைத்திருப்பவர்கள் அதிகம் எடை போட்டு, அதிகம் கரைசல் செய்து, பிறகு நீர்க்க வைப்பதே நல்லது.

இப்போது முக்கியமான இடம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5.30 கிராம் போடக் கூடாது. பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கழுத்தில் ஒற்றைக் கோடு போட்ட அளவுக்குடுவையில் ஊற்ற வேண்டும். கரைத்த பாத்திரத்தை இரண்டு மூன்று முறை அலசி அந்த அலசலையும் குடுவையிலேயே சேர்க்க வேண்டும். கரைசல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கோடு வரை தண்ணீர் விட வேண்டும். சூடாக இருக்கும்போது கோட்டைத் தொட்டால், ஆறினதும் கீழே இறங்கிவிடும். கடைசி அரை விரற்கடைக்குச் சொட்டுக் குழாய்தான். தண்ணீரின் மேல்மட்டம் பிறை மாதிரி குழிந்திருக்கும். கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, குழியின் அடி கோட்டைத் தொடும்படி நிறுத்துங்கள். பிறகு மூடியைப் போட்டு, குடுவையைத் தலைகீழாக்கி நிமிர்த்தி, பதினைந்து தடவையாவது கலக்குங்கள். இதில்தான் பலர் சோம்பல்படுவார்கள். கழுத்தில் நிற்கும் தண்ணீர் தானாகக் கீழே வந்து கலக்காது.

தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? காய்ச்சி வடித்த தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கினால், 50 மில்லியில் நிறங்காட்டி விட்டு ஒன்றிரண்டு சொட்டு அமிலத்தில் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் பைகார்பனேட் மிச்சம் இருக்கும், அது ஆகாது.

அமிலமும் அதன் பெயர்ச்சீட்டும்

அரை லிட்டருக்கு மேல் தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் அடர் அமிலம் சுமார் 9 மில்லியை மெல்ல விட்டு, ஒரு லிட்டராக்குங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான திண்ணையில் செய்யுங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சவே கூடாது, ரப்பர் பல்பு விலை குறைவுதான்.

இந்த 9 மில்லி துல்லியமாக இருக்கத் தேவையில்லை. எப்படியும் படிக்கல்லோடு ஒப்பிடப் போகிறோம். சோடியம் கார்பனேட் கரைசல் 10 மில்லியைக் கூம்புக்குடுவையில் எடுத்து, இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு விட்டால் மஞ்சளாக இருக்கும். அமிலம் இறக்க இறக்க, ஒரு சொட்டில் மஞ்சள் போய் ஆரஞ்சு வரும். அங்கே நிறுத்தணும். சிவப்பு வந்தால் தாண்டிவிட்டோம். மஞ்சள் தூளும்தான் நிறம் மாறுமே, அது ஆகாதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். மஞ்சள் மாறும் இடம் பி.எச். 8க்குப் பக்கம். நமக்கு வேண்டியது 4க்குச் சற்று மேலே. அதனால் ஆகாது.

9.4 மில்லி செலவானால், 10ஐ 0.1ஆல் பெருக்கி 9.4ஆல் வகுக்க 0.1064. இதைச் சரியாக 0.1 ஆக்கத் தண்ணீர் விட்டு விட்டுப் பார்க்க வேண்டாம். அப்படி வளைக்கப் போனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தப்பு நுழையும். 0.1064 என்றே சீட்டில் எழுதுங்கள். தேதியையும் எழுதுங்கள்.

நீர்க்க வைப்பது: அமிலம் 100 மில்லியை 500 மில்லி அளவுக்குடுவையில் விட்டு, கோடு வரை தண்ணீர் நிரப்புங்கள். ஐந்தில் ஒன்று. எங்கள் குழுவில் இப்போது 'ஒண்ணுக்கு அஞ்சு' என்ற பேச்சே கிடையாது. '100ஐ 500 ஆக்கு' என்றுதான் சொல்கிறோம். 1 மில்லியை 5 மில்லியாக்கினாலும் கணக்கு ஒன்றுதானே என்றால், அளவில் 0.1 மில்லி தவறினால் 1 மில்லியில் அது 10 சதவீதம், 100 மில்லியில் 0.1 சதவீதம். பெரிதாக எடுங்கள். அளவுச் சாடியை விடப் பிப்பெட்டும் அளவுக்குடுவையும் நம்பகமானவை. பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ள வேண்டாம், அதை விட்டுத்தான் அளவு குறித்திருப்பார்கள்.

நீர்க்க வைத்த அமிலத்தையும் ஒரு தடவை படிக்கல்லோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை நான் மிச்சம் பிடித்ததால்தான் அண்ணன் லாரி பிடிக்க வேண்டியதாச்சு.

கால்சியம், மக்னீசியத்துக்கு ஈடிடிஏ உப்பு 3.72 கிராம் ஒரு லிட்டருக்கு. சிட்டிகை மக்னீசியம் குளோரைடும் சேர்த்தால் நிற மாற்றம் தெளிவாக இருக்கும். இதற்குப் படிக்கல் கால்சியம் கார்பனேட். 5.00 கிராமை, கரையுமளவுக்கு மட்டும் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைத்து, கொதிக்க வைத்து ஆற்றி, 500 மில்லியாக்கி, அதில் 10 மில்லியை 100 ஆக்கினால், ஒரு மில்லிக்கு ஒரு மில்லி ஈடிடிஏ செலவாக வேண்டும். ஈடிடிஏவைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள், மலிவான கண்ணாடியிலிருந்து கால்சியம் கசியும்.

தண்ணீரைச் சோதிக்கும்போது

மோட்டாரைப் பத்து நிமிஷமாவது ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, காற்று இடமில்லாமல் வாய் வரை நிரப்புங்கள். அன்றைக்கே சோதியுங்கள். வைத்திருந்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், இரண்டு அளவும் குறையும்.

பியூரெட்டை அமிலத்தால் அலச வேண்டும், பிப்பெட்டைச் சோதிக்கும் தண்ணீரால் அலச வேண்டும். கூம்புக்குடுவையை மட்டும் வடிநீரால்தான் அலச வேண்டும். அதைச் சோதனைத் தண்ணீரால் அலசினால் 50 மில்லிக்கு மேல் சில சொட்டு கூடுதலாகத் தங்கிவிடும். பியூரெட் குழாய்க்குக் கீழே காற்றுக் குமிழி இருந்தால் ஓடவிட்டு விரட்டுங்கள். முதல் தடவை உத்தேசமாக, பிறகு இரண்டு தடவை நிதானமாக. அந்த இரண்டும் 0.1 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது.

50 மில்லி தண்ணீருக்குச் செலவான அமிலத்தை அதன் பலத்தால் பெருக்கி, 20ஆல் பெருக்கினால் பைகார்பனேட் அலகு கிடைக்கும். 18.8 மில்லி, 0.0213 பலம் என்றால் 8.0. ஈடிடிஏவுக்கு, 50 மில்லி தண்ணீரில் அமோனியா பஃபர் 2 மில்லி, எரியோகுரோம் பிளாக் டி சிட்டிகை. திராட்சைச் சிவப்பு சுத்த நீலமாகும் வரை இறக்கி, செலவான மில்லியை 0.4ஆல் பெருக்குங்கள். 15 மில்லி என்றால் 6.0. சோதித்து மிஞ்சின நீரை உரக்குழியிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம்.

ஜிப்சம் கணக்கு இது: ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் பாய்ச்சும் தண்ணீரில் ஆர்.எஸ்.சி. ஒரு அலகு குறைய, சுத்தமான ஜிப்சம் 8.8 கிலோ வேண்டும். அண்ணன் ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 அங்குலம் பாய்ச்சுகிறார். 3.6ஐ 1.25க்கு இறக்க ஏக்கருக்கு 830 கிலோ, 2.0லிருந்து இறக்க 265 கிலோ. கிடைக்கிற ஜிப்சம் 70 சதவீதச் சுத்தம் என்று வைத்தால், இரண்டு ஏக்கருக்கு 48 மூட்டை எங்கே, 15 மூட்டை எங்கே.

மிச்ச மூட்டைகளைக் கணக்குப் பார்த்து நான் காசு கொடுக்கிறேன் என்றேன். அண்ணன் வாங்கவில்லை. மழை படாமல் தார்பாய் போட்டு மாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறார். வாய்க்கால் தலைப்பில் தொட்டி கட்டி, அதில் கொட்டி, தண்ணீர் அதன் வழியாகப் போகும்படி செய்திருக்கிறார். வைகாசியில் தண்ணீர் மட்டம் இறங்கினதும் மறுபடி ஒரு பாட்டில் கொண்டுவந்தார். "தம்பி, மொதல்ல உங்க ஆசிட்டைச் சோதிங்க, அப்பறம் என் தண்ணியப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.